பூஜைக்கு வைத்த சுத்தியல்

விஜயதசமி காலையில் துப்பறியும் பிச்சுமணியின் ஆபீஸ் படியேறி வந்த சீதாலக்ஷ்மி அம்மாள் முதலில் தும்மினாள், அப்புறம் அழுதாள். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகுக் கிடங்குக்கு நேர் மேலே ஆபீஸ் போட்டால் கட்சிக்காரர்கள் துக்கத்தை அந்த வரிசையில்தான் சொல்வார்கள். வாடகை குறைவு என்று பிச்சுமணி அந்த இடத்தைப் பிடித்திருந்தார். ஏன் குறைவு என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணருக்கு ஒரு மாதம் பிடித்ததாக அவருடைய உதவியாள் இசக்கிமுத்து ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

அவள் வருவதற்குச் சற்று முன்னால் அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

மூலையில் மணை போட்டு, அதன்மேல் பிச்சுமணியின் பூதக்கண்ணாடி, பேனா, டார்ச் லைட், இசக்கியின் சைக்கிள் பம்ப் எல்லாம் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அஷ்டமி சாயங்காலம் பூஜைக்கு வைத்தவை. வைத்துவிட்டால் விஜயதசமியன்று பூஜை முடித்து எடுக்கிறவரை ஒருவரும் அவற்றைத் தொடக்கூடாது. நடுவே நவமியன்று எழுதுகிறவன் எழுத மாட்டான், அடிக்கிறவன் அடிக்க மாட்டான். ராஜ்யம் போய், ராஜா போய், கேரளம் என்று ஒரு மாநிலம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியும் கொச்சியில் அந்த வழக்கத்தை மட்டும் எந்த சர்க்காரும் மாற்றவில்லை.

“பூதக்கண்ணாடிக்கு நட்ட நடுவுல பொட்டு வெச்சிருக்கீங்களே சாமி. இனிமே அதுவழியாப் பாத்தா கள்ளன் எல்லாம் சுமங்கலியாத் தெரிவான்” என்றான் இசக்கி.

வாய்தான் விளையாடியது. மனசு வேறெங்கோ கிடந்தது. பாண்டிக்குடியில் அவன் குடியிருந்த லைனில் அடுத்த வீட்டுக்காரன் முனியாண்டி, முனிசிபாலிட்டியில் குப்பை வண்டி இழுக்கிறவன். அவன் பெண்டாட்டி காளியம்மை அதே முனிசிபாலிட்டியில் தெருக்கூட்டுகிறவள். நேற்று, நவமி விடியற்காலையில், சுள்ளிக்கல் ரோட்டோரத்தில் இடுப்பு நொறுங்கி, பிடித்த துடைப்பத்தோடு அவள் செத்துக்கிடந்தாள். போலீஸ் வந்ததும் முனியாண்டி தலையில் அடித்துக்கொண்டு, “நான்தான் கொன்னேன்” என்று கத்திவிட்டான். போலீசுக்கு அது போதாதா? முந்தின ராத்திரி புருஷன் பெண்டாட்டி போட்ட சண்டையை லைனே கேட்டிருந்தது. வண்டிக் கம்பால் அடித்துக் கொன்றான் என்று எழுதி லாக்கப்பில் போட்டார்கள். நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

“அவன் கொல்லல சாமி. தூக்குக் கயித்துல தொங்க விட்டுருவானுங்க. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க.”

“அவனே கொன்னேங்கறான். இல்லைன்னு சொல்ல நான் யாரு, ஹைகோர்ட் ஜட்ஜா?” பிச்சுமணி பொடி டப்பாவைத் தட்டினார். “அது கிடக்கட்டும். பீஸ் தர யார் இருக்கா?”

“யாருமில்ல.”

“அப்போ நம்மகிட்ட கேஸும் இல்லையாக்கும்.”

இசக்கிக்கு அந்தப் பொடி டப்பாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும்போல் இருந்தது. அந்த சமயத்தில்தான் படியில் தும்மல் கேட்டது.

சீதாலக்ஷ்மி அம்மாள் கொப்பரைத் தரகர் கல்யாணராமனின் மனைவி. கல்யாணராமனை மட்டாஞ்சேரியில் தெரியாதவர்கள் கிடையாது. கோயில் உண்டியலில் கைதவறிப் போட்ட நாலணாவைத் தேவஸ்வத்தில் போய்த் திருப்பிக் கேட்ட மனிதர்.

“கறிவேப்பிலைக்குப் பேரம் பேசறவர் எங்காத்துக்காரர்” என்று ஆரம்பித்தாள் அவள். “நேத்தி ராத்திரி ஷர்ட்டைத் தோய்க்கப் போடறப்போ பாக்கெட்டுல இது இருந்தது. இதை அப்படியே ஒத்துண்டு, பெட்டியைத் திறந்து, சுளையா எடுத்துக் கொடுத்திருக்கார். ஒரு சல்லிக்காசு குறைக்கச் சொல்லலை!”

அது ஒரு எஸ்டிமேட். ‘லாண்ட்மாஸ்டர் கார். எஞ்சின் முழுக்கக் கழற்றி வேலை செய்ய ரூபாய் அறுநூறு. பாலையா, சுள்ளிக்கல்.’

“எஞ்சினுக்கு என்னவாக்கும் கேடு?” என்றார் பிச்சுமணி.

“ஒரு கேடும் இல்லை! அஷ்டமி சாயங்காலம் அந்தக் கார்லதானே பகவதி கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். டிரைவர் அப்பு பூஜைக்கு லீவு எடுத்துண்டு கொல்லங்கோட்டுக்குப் போயிட்டான். இவருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. என் பிள்ளை வெங்கிட்டுதான் ஓட்டிண்டு வந்தான். காலேஜ் லீவுல ரெண்டே மாசத்துல கத்துண்டுட்டான். வெண்ணெய் மாதிரி ஓடித்து. நேத்திக்குக் காலம்பற பார்த்தா வண்டியைக் காணும். கேட்டா எஞ்சின் போயிடுத்துங்கறார்.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும். பாலையா மூலமா எவளுக்கோ பணம் போறது. இன்னொரு பொம்மனாட்டி இருக்கா. ஆத்துல குழந்தை வேற நேத்திலேர்ந்து ஜுரமாக் கிடக்கான். ஊர்க்கண் பட்டுடுத்து. இன்னிக்கு விஜயதசமி, பூஜையிலேர்ந்து புஸ்தகம் எடுக்கக்கூட எழுந்து வரலை.”

“எஸ்டிமேட் நியாயமா, இன்னொரு பொம்மனாட்டி உண்டா. இந்த ரெண்டுக்கும் பதில் வேணும், இல்லையா?”

“அவ பேரும் வேணும்” என்றாள் சீதாலக்ஷ்மி அம்மாள்.

முப்பது ரூபாய் அட்வான்ஸ் கைமாறியது. அவள் படியிறங்கிப் போனதும் பிச்சுமணி மணைக்கு முன்னால் கற்பூரம் காட்டி, பூதக்கண்ணாடியை எடுத்துப் பொட்டைத் துடைத்தார்.

“ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா. நாம எஞ்சினுக்கு நாடி பாக்கப் போறோம்” என்றான் இசக்கி.

“எஞ்சினுக்குப் பீஸ் வந்திருக்கு. கிளம்புடா.”

போகிற வழியில் தோப்பும்படியில் மம்மது இக்காவின் வர்க்‌ஷாப் இருந்தது. அவர் மாப்பிள்ளை முஸ்லிம், பூஜையும் கிடையாது, லீவும் கிடையாது. எஸ்டிமேட்டை எண்ணெய்க் கையால் வாங்கிப் பார்த்து, இசக்கியைப் பார்த்து, திரும்பவும் எஸ்டிமேட்டைப் பார்த்தார்.

“இது எஞ்சின் பணிக்கோ, அல்ல புதிய எஞ்சினுக்கோ?”

“பணிக்குத்தான் இக்கா.”

“முந்நூறு. பேரம் பேசினா அதிலும் குறைக்கும்.” அவர் காகிதத்தை ஏதோ கெட்டுப்போன மீனைத் தருவதுபோல் திருப்பிக் கொடுத்தார். 

வெளியே வந்ததும் இசக்கி சொன்னான்: “சரிக்கு சரி கூட வாங்கியிருக்கான். மிச்ச முந்நூறுக்கு எஞ்சினுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறானா?”

“பாலையா கேட்டதுல அதிசயம் இல்லைடா. கேக்கறவன் ஆயிரமும் கேப்பன். கல்யாணராமன் ஏன் வாயைத் திறக்கலை? கறிவேப்பிலைக்குத் திறக்கற வாய் அறுநூறுக்குத் திறக்கலைன்னா, திறக்க முடியாதபடி எவனோ அடைச்சிருக்கான்.” பிச்சுமணி ஒரு சிட்டிகை ஏற்றிக்கொண்டார். “இந்த முந்நூறு எந்த வேலைக்குக் கூலின்னு பாக்கணும்.”

பாலையாவின் வர்க்‌ஷாப் சுள்ளிக்கல்லில் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் தகரக் கொட்டகை. காளியம்மை விழுந்து கிடந்த இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். இசக்கி அந்தத் திருப்பத்தைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டான். ரோட்டில் யாரோ மண் போட்டு மூடியிருந்தார்கள்.

பாலையா புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சாயா குடித்துக்கொண்டிருந்தான். அவனும் பாண்டிக்குடியில் வளர்ந்தவன்தான். கொஞ்சம் காசு சேர்ந்ததும் லைனை விட்டு வெளியேறியவன். கொட்டகைக்குள் தேவி படத்துக்கு முன்னால் நீளப் பலகையில் ஸ்பானர், குறடு, ஜாக்கி, சுத்தியல் எல்லாம் மாலையும் பொட்டுமாக வரிசையாக இருந்தன. அந்தப் பக்கம் ஒரு பச்சை லாண்ட்மாஸ்டர் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது.

“வாங்க சாமி. பூசை எடுக்க இன்னும் நேரமிருக்கு. பொரி சாப்பிடுங்க.”

“பொரி இருக்கட்டும். கல்யாணராமன் வண்டிக்கு எஞ்சின் வேலைன்னு கேள்விப்பட்டேன். ஆச்சா?”

“நல்லாக் கேட்டீங்க. நேத்து நவமியில்லா? வண்டி வந்து நிக்குது, நான் தொடல. பூசைக்கு வெச்ச ஆயுதத்தத் தொட்டா கை வெளங்குமா?”

பிச்சுமணி கண்ணைக் காட்ட, இசக்கி தார்ப்பாயை விலக்கி பானெட்டைத் தூக்கினான். உள்ளே ஆறு மாசத்துப் புழுதியும் கிரீசும் அப்படியே அடை கட்டியிருந்தன. சாவி வண்டியிலேயே இருந்தது. திருகினான். எஞ்சின் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் ஓடியது.

“சாகக் கெடக்கிற எஞ்சின் பாட்டுப் பாடுதே அண்ணாச்சி” என்றான் இசக்கி.

“நோய் உள்ளுக்குள்ள இருக்கு” என்றான் பாலையா. சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

இசக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு இடதுபக்கத்து முன் மட்கார்டில் கையை ஊன்றி நிமிர்ந்தான். உள்ளங்கை பிசுக்கென்றது. திருப்பிப் பார்த்தால் பச்சை. வலது மட்கார்டைத் தொட்டான், அதில் ஒட்டவில்லை. இடதுபக்கத்து ஹெட்லைட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

“அது போன வாரம் அடிச்ச பெயிண்ட். சின்னதா ஒரு கீறல். துலா மழை ஈரத்துல இன்னும் காயல” என்றான் பாலையா, யாரும் கேட்பதற்கு முன்னால்.

“அதானே. போன வாரத்து வேலை” என்று தலையாட்டிக்கொண்டே பிச்சுமணி தேவி படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பினார். கண்ணை மூடவில்லை. பலகையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்பானர்களுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். குறட்டுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். தகரம் தட்டுகிற பெரிய மரச் சுத்தியல் வரிசையின் கடைசியில் இருந்தது. அதன் பிடியிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

அந்தக் குங்குமத்தின் பாதியை மறைத்துக்கொண்டு பச்சையாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

“பாலையா, இதுக்கெல்லாம் பொட்டு வெச்சது என்னைக்காக்கும்?”

“அஷ்டமி சாயங்காலம் சாமி. எல்லாரும் வெக்கிற நேரம்.”

“அதுக்கப்புறம் தொடலை.”

“தொடுவேனா?”

“பெயிண்ட் போன வாரத்துது. பொட்டு முந்தாநாளத்தது. அப்போ குங்குமம்தானே பெயிண்டுக்கு மேலே இருக்கணும்? இங்கே பெயிண்டு குங்குமத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கே.”

பாலையா வலது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“அண்ணாச்சி பொய் சொல்லல சாமி” என்றான் இசக்கி. “தேவியே எறங்கி வந்து சுத்தியல எடுத்து மட்கார்டத் தட்டிட்டுப் போயிருக்கா. கூலி அறுநூற மட்டும் அண்ணாச்சி வாங்கிக்கிட்டாரு.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. நவமியன்று, பூஜைக்கு வைத்த சுத்தியலை எடுத்துத் தட்டுகிற அவசரம் எந்த மட்கார்டுக்கு வரும்? எந்த மனுஷன் அதற்குப் பேரம் பேசாமல் கொடுப்பான்? இந்தக் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நேற்று விடியற்காலை என்ன நடந்தது? அவன் மெதுவாகத் திரும்பி அந்த மட்கார்டைப் பார்த்தான். அது ஒரு பெண்ணின் இடுப்பு உயரம் இருந்தது.

பிச்சுமணி அதை அவனுக்கு முன்பே பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

“எடுத்துத் தொடைச்சிருக்கலாமேடா” என்றார் அவர், பாலையாவிடம், ஏறக்குறைய அன்பாக. “ஒரு துணியால ஒத்தினாப் போயிருக்கும்.”

“குங்குமத்தத் தொடச்சா தோஷம் சாமி” என்றான் பாலையா. அழுகை வந்துவிட்டது அவனுக்கு. “சுத்தியல வெளிய வெச்சிரலாம்னா பூசையில எடம் காலியாக் கெடக்கும். அதுவும் தோஷம். அதான் திருப்பிக் கொண்டாந்து வெச்சேன்.”

காளியம்மையை விற்க அவனுக்குத் தோஷமில்லை. பொட்டைத் துடைக்கத்தான் தோஷம். இசக்கி அவன் புது வேட்டியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான்.

“தெரிஞ்சுதானே தட்டினே?”

“வண்டி வந்தப்பவே தெரியும். லைட்டு வளையத்துல கெடந்துது.” பாலையா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். உள்ளே உடைந்த ஹெட்லைட் கண்ணாடிச் சில்லும் ஒரு துண்டுச் சிவப்புக் கண்ணாடி வளையலும் இருந்தன. காளியம்மை நவராத்திரிக் கடையில் வாங்கி, லைனில் வீடு வீடாகக் கையைக் குலுக்கிக் காட்டிவிட்டுப் போன வளையல். இசக்கியிடமும் காட்டினாள். ‘கழுதைக்குச் சலங்கை கட்டின மாதிரி இருக்கு’ என்று அவன் சொல்ல, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தினாள்.

“இத எதுக்கு வெச்சிருக்கே? அடுத்த வருச எஸ்டிமேட்டுக்கா?”

பாலையா தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னான்: “செத்தவ திரும்பி வரப் போறாளா இசக்கி? நானும்தான் நேத்து அவ பாடைக்குத் தோள் குடுத்துத் தூக்கினேன். செலவுக்குப் பத்து ரூவா குடுத்தேன்.”

தோள் கொடுத்தபோது அவன் கட்டைவிரலில் பச்சை இருந்திருக்கும். யாரும் கவனிக்கவில்லை. இசக்கி அவனை அறைந்தான். பிச்சுமணி தடுக்கவில்லை, பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வண்டிய ஓட்டிட்டு வந்தது யாருன்னு மட்டும் கேக்காதீங்க சாமி. புள்ளகுட்டிக்காரன்.”

“நான் கேக்கலையே. தெரியாதவன்னா கேப்பன்?” பிச்சுமணி சுத்தியலைத் துணியில் சுற்றினார். தீப்பெட்டியை மடியில் செருகினார். “நீயும் புறப்படு.”

“ஸ்டேஷனுக்குத்தானே சாமி?” என்றான் இசக்கி.

“இல்லை. முதல்ல கட்சிக்காரியாத்துக்கு. முப்பது ரூபாய் வாங்கியிருக்கேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். அதாக்கும் தொழில்.”

இசக்கிக்குச் சந்தேகம் தட்டியது. பாலையா ஒரு மௌனத்துக்கு அறுநூறு வாங்கினான். துப்பறியும் பிச்சுமணி தன்னுடையதுக்கு எவ்வளவு கேட்பார்? காசில்லை என்றால் கேஸில்லை என்று காலையில் சொன்னவர்தானே. லாக்கப்பில் முனியாண்டி கிடந்தான். அவனுடைய உயிர் இப்போது ஒரு பொடி மட்டைக்காரரின் மடியில், தீப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

கல்யாணராமன் வீட்டில் பாயச வாசனை வந்தது. அவர் தரகுக்குப் போயிருந்தார். சீதாலக்ஷ்மி அம்மாள் பிச்சுமணிக்கு நாற்காலி போடச் சொன்னாள். பாலையாவையும் இசக்கியையும் பார்த்து, “அவா ரெண்டு பேரும் அங்கேயே நிக்கட்டும்” என்றாள். இருவரும் வாசற்படிக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். இசக்கி பாலையாவின் மணிக்கட்டை விடவில்லை.

“எஸ்டிமேட் நியாயமா?” என்றாள் அவள்.

“எஞ்சினுக்குன்னா கொள்ளை. செஞ்ச வேலைக்குன்னா மலிவு.”

“அப்போ நான் சொன்னது சரி! இன்னொரு பொம்மனாட்டி?”

“உண்டு.”

சீதாலக்ஷ்மி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். “பேர்?”

“காளியம்மை. முனிசிபாலிட்டியில தெருக் கூட்டறவ. நேத்து விடியக்காலம் சுள்ளிக்கல்லுல உங்காத்து வண்டி இடிச்சுச் செத்துப்போயிட்டா. மட்கார்டைத் தட்டி நேராக்கவும், வாயை மூடிக்கவும் சேர்த்துத்தான் அறுநூறு.”

அவள் கண்ணைத் திறந்தாள். முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லக் கரைந்தது. நீளமாக மூச்சு விட்டாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். “தூப்புக்காரியா? பகவதி, என் வயித்துல பாலை வார்த்தே. நான் என்னென்னவோ நினைச்சு ராத்திரி பூராத் தூங்கலை.”

இசக்கியின் நாக்கில் எந்த வேடிக்கையும் வரவில்லை. வந்திருந்தால் அது கெட்ட வார்த்தையாக இருந்திருக்கும்.

பிச்சுமணி அவளுடைய நிம்மதி முடியட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் பொடியை எடுக்காமல் டப்பாவைத் திரும்ப மூடி, “டிரைவர் ஊர்ல இல்லை. மாமாவுக்கு சைக்கிள்கூட வராது. நீங்கதானே சொன்னேள்?” என்றார்.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ ஜுரத்தில் புரண்டு படுத்தார்கள். சீதாலக்ஷ்மி அம்மாளின் கண்கள் மச்சைப் பார்த்தன. திரும்பக் கீழே வரும்போது அது வேறு பொம்பிளையின் கண்ணாக இருந்தது.

“அவளுக்கு மாசம் என்ன சம்பளம்?”

“யாருக்கு?”

“அந்தத் தூப்புக்காரிக்கு.”

பிச்சுமணி வாசல் பக்கம் பார்த்தார். “அம்பது” என்றான் இசக்கி.

அவள் உதடு அசைய, விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். “ரெண்டு வருஷச் சம்பளம் கொடுத்துடறேன். அவாத்து மனுஷாளுக்கு. உங்களுக்குத் தனி. நீங்களே ஒரு தொகை சொல்லுங்கோ பிச்சுமணி. எங்காத்துக்காரரைவிட நான் தாராளம். ஒத்துண்டவன் ஒருத்தன் உள்ளே இருக்கானாமே, பால்காரன் சொன்னான். அவன் பாட்டுக்கு இருக்கட்டுமே. குடிகாரன். இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு அவனேதான் அவளைக் கொன்னிருப்பான்.”

“எவ்வளவு தருவேள்?”

இசக்கியின் பிடியில் பாலையாவின் மணிக்கட்டு நொறுங்குவதுபோல் ஆயிற்று.

“ஆயிரம்.” அவர் சுத்தியல் மூட்டையைப் பார்த்தார். “ஆயிரத்தைநூறு. குழந்தை வெங்கிட்டுக்கு இன்னும் இருபது வயசு ஆகலை, பிச்சுமணி!”

“காலம்பற ஒரு விஷயம் நியாயமா இல்லையான்னு பார்த்துச் சொல்ல என்னைக் கூலிக்கு அமர்த்தினேள். பார்த்தாச்சு.” அவர் எழுந்தார். “நியாயமில்லை மாமி.”

அவள் அழுவாள் என்று இசக்கி நினைத்தான். அவள் அழவில்லை. வாசல்வரை பின்னால் வந்து, “அப்போ என் முப்பது ரூபாயை வெச்சுட்டுப் போங்கோ” என்றாள்.

பிச்சுமணி மூன்று நோட்டுகளை எண்ணி வாசற்படியில் வைத்தார். சுத்தியல் மூட்டையை இசக்கியிடம் கொடுத்தார்.

“இப்போ கேஸுக்குப் பீஸ் கிடையாது சாமி” என்றான் இசக்கி.

“வாயை மூடிண்டு நடடா.”

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டருக்குக் கல்யாணராமனின் பெயரைக் கேட்டதும் பல்வலி வந்ததுபோல் ஆயிற்று. விஜயதசமியும் அதுவுமாக இந்த வம்பு தேவைதானா என்று கேட்டார். பிச்சுமணி மேஜைமேல் சுத்தியலை வைத்தார், தீப்பெட்டியைத் திறந்து வைத்தார், பாலையாவை நாற்காலிக்கு எதிரில் நிறுத்தினார். பாலையா இன்னொரு அறை வாங்குவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்த இன்ஸ்பெக்டர் அந்த வளையல் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, லாக்கப் சாவியை எடுத்துக் கான்ஸ்டபிளிடம் எறிந்தார்.

கதவு திறந்தது. முனியாண்டி சுவரோரம் குந்தியிருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இசக்கி உள்ளே பாய்ந்து அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

“எலே முனியாண்டி, நீ கொல்லலலே! கார்க்காரன்லே! அடிச்சுப் போட்டுட்டு ஓடியிருக்கான். கண்டுபிடிச்சாச்சு. எந்திரி, வீட்டுக்குப் போவோம்.”

முனியாண்டி எழுந்திருக்கவில்லை. “நான்தான் கொன்னேன்” என்றான்.

“திரும்பவும் அதையே சொல்லாதலே. அடி பொறுக்காமச் சொன்னே. இனிமே ஒருத்தனும் அடிக்க மாட்டான்.”

“அடிக்கிறதுக்கு முன்னாலயே சொன்னேன்.” அவன் இசக்கியைப் பார்க்காமல் பேசினான். “அஷ்டமிக்கு ஊரே ஆயுதத்தப் பூசைக்கு வெச்சுதுல்லா. அவளும் தொடப்பத்தக் கழுவி, பொட்டு வெச்சு, மாரியம்மா படத்துக்கு முன்னால வெச்சா. எல்லாரும் ஒரு நாளு தொட மாட்டாங்கல்ல, நானும் தொட மாட்டேன், நாளைக்கு வேலைக்குப் போவ மாட்டேன்னு சொன்னா. ஒரு நாள் சம்பளத்த வெட்டிருவான்னு நான் சொன்னேன். அதுக்குத்தான் அன்னைக்கு ராத்திரி சண்டை. விடியக்காலம் மயித்தப் பிடிச்சு எழுப்பி, பூசையிலேருந்து தொடப்பத்த எடுத்து அவ கையில குடுத்தது நான்தான்.”

இசக்கி அவன் தோளிலிருந்து கையை எடுத்தான்.

இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் பின்னால் சாட்சிப் பொருள்கள் கிடந்த மூலையில் ஒரு துடைப்பம் சாத்தியிருந்தது. பிச்சுமணி அதன் பக்கத்தில் குனிந்து நின்றார். அதில் கட்டியிருந்த சீட்டில் ‘ரத்தக் கறையுடன்’ என்று எழுதியிருந்தது. துடைப்பத்தின் பிடியில், கயிற்றுக்குச் சற்று மேலே, சந்தனம் காய்ந்து அதன் நடுவே சிவப்பாக வட்டமாக இருந்தது. அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை.

லாக்கப் கதவு திறந்தே கிடந்தது. கான்ஸ்டபிள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். முனியாண்டி வெளியே வரவில்லை.